அலகு எழுதாத எண்கள்

மூலக்கூறு சிமுலேஷன் செய்பவர்கள் நாங்கள். ஒரு புரதத்தையும் அதைச் சூழ்ந்த நீரையும் கணினிக்குள் அணு அணுவாக அடுக்கி, நியூட்டனின் சமன்பாடுகளை 2 ஃபெம்டோ நொடிக்கு ஒருமுறை தீர்த்து, அந்த அணுக்கள் எப்படி அசைகின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. அணுக்களுக்கிடையே என்னென்ன விசை எவ்வளவு என்று சொல்லும் விதித் தொகுப்பை விசைப்புலம் என்போம். எந்த விசைப்புலம் நீரைச் சரியாகக் காட்டுகிறது, எந்த வெப்பநிலைக் கட்டுப்பாட்டு முறை நம்பத்தக்கது என்பதற்காக வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். கணக்கு முடிந்து வெளியே வரும் எண்களை எந்தக் கோப்பு வடிவத்தில், எந்த அலகில், எந்த விவரங்களோடு எழுதி வைப்பது என்று மட்டும் அதே அக்கறையோடு பேசியதில்லை. மென்பொருள் எப்படி எழுதிக் கொடுத்ததோ அப்படியே வாங்கி வைத்துக்கொண்டோம்.

இதை எங்களுக்குள் மட்டும் பேசித் தீர்த்துவிட முடியாது. நாங்கள் பயன்படுத்தும் சூப்பர் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை மக்கள் பணத்தில் வாங்கப்பட்டவை. அவற்றில் மாதக்கணக்கில் ஓடிய கணக்குகளின் விளைவுகள் இன்று வெளி ஹார்ட் டிஸ்க்குகளில், பட்டம் வாங்கிப் போய்விட்ட மாணவர்களின் பழைய அடைவுகளில், அழிக்கப்படக் காத்திருக்கும் சர்வர்களில் கிடக்கின்றன. அழியாமல் இருப்பவற்றிலும் பாதியைப் படித்துப் பொருள்கொள்ள, அந்தக் கணக்கை ஓட்டியவரே பக்கத்தில் உட்கார வேண்டும்.

எங்களுக்கென்று ஒரு வடிவம் இல்லாதபோது படிகவியலாளர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம். புரதக் கட்டமைப்புகளைச் சேமிக்கும் பிடிபி வங்கி 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெறும் 7 கட்டமைப்புகளோடு தொடங்கியது. அது துளையட்டைகளின் காலம். அட்டையில் 80 கட்டங்கள். எனவே பிடிபி கோப்பின் ஒரு வரியும் 80 எழுத்துகள். அணுவின் வரிசை எண்ணுக்கு 5 கட்டங்கள், அமினோ அமிலத்தின் எண்ணுக்கு 4 கட்டங்கள், சங்கிலியின் பெயருக்கு ஒரே ஓர் எழுத்து. ஓர் இரும்புப் பெட்டி அளவுக்கு அட்டைகளை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள், தங்கள் காலத்துக்கு வேண்டியதைத் தெளிவாக யோசித்து, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்படி செய்த ஏற்பாடு அது.

5 கட்டங்களில் 99,999 வரைதான் எண்ண முடியும். நாங்கள் நீரையும் சேர்த்து எண்ணுகிறவர்கள் என்பதால் அந்த எல்லையைச் சீக்கிரமே தாண்டிவிட்டோம். 2013இல் ஹெச்ஐவி வைரஸின் புரதக் கூட்டை 6 கோடியே 40 லட்சம் அணுக்களோடு சிமுலேஷன் செய்து காட்டினார்கள் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கிளவுஸ் ஷுல்டன் குழுவினர். எல்லை தாண்டியபோது உட்கார்ந்து புதிய வடிவம் ஒன்றை முடிவு செய்திருக்க வேண்டும். ஒரு மென்பொருள் 99,999க்குப் பிறகு மீண்டும் 0 என்று தொடங்கியது. இன்னொன்று பதினாறடிமான எண்களுக்கு மாறியது. வேறொன்று நட்சத்திரக் குறிகளை இட்டது. ஒரே பெயருள்ள வடிவம், உள்ளே மூன்று விதம். கோப்பு திறக்கிறதா, படம் தெரிகிறதா, அது போதும் என்று நாங்கள் நகர்ந்துவிட்டோம்.

படிகவியலாளர்கள் அப்படி விடவில்லை. ரைபோசோம் போன்ற பெரிய கட்டமைப்புகளைத் துண்டு துண்டாகப் பல பதிவுகளில் வைக்க வேண்டியிருந்ததை ஒரு குறையாகவே அவர்கள் பார்த்தார்கள். எம்எம்சிஐஎஃப் என்ற புதிய வடிவத்தை, ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை தரும் அகராதியோடு உருவாக்கினார்கள். 2014இல் அந்தத் துண்டுகளை ஒரே பதிவாக ஒன்றுசேர்த்தார்கள். 2019 ஜூலை முதல் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் கட்டமைப்புகளைப் பதிவு செய்யப் புதிய வடிவம் கட்டாயம் என்றார்கள். பழக்கத்தை விட மனமில்லாத பலருக்கு அது சிரமமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாறினார்கள். நாங்கள் இன்றும் பழைய 80 எழுத்து வரியையே மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அலகுகள் விஷயத்தில் எங்கள் அலட்சியம் இன்னும் ஆழமானது. நிலப் பத்திரத்தில் ‘பத்து’ என்று மட்டும் எழுதி, சென்ட்டா ஏக்கரா என்று எழுதாமல் விட்டால் அதை எந்தப் பதிவாளரும் ஏற்கமாட்டார். எங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட பத்திரங்கள். டிசிடி என்ற இருமக் கோப்பு வடிவம் ஹார்வர்டில் உருவான சார்ம் மென்பொருளிலிருந்து வந்தது. நேம்டி மென்பொருளும் அதையே எழுதுகிறது. அதில் அணுக்களின் இருப்பிடம் ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். கால இடைவெளியோ சார்மின் உள் அலகில் இருக்கும். அந்த அலகு ஒன்றுக்கு ஏறத்தாழ 48.888 ஃபெம்டோ நொடி. 2 ஃபெம்டோ நொடி என்பது அங்கே 0.0409 என்று எழுதப்பட்டிருக்கும். கோப்புக்குள் எந்த இடத்திலும் அலகின் பெயர் கிடையாது. குரோமாக்ஸ் மென்பொருள் எழுதும் எக்ஸ்டிசி கோப்பிலோ தூரம் நானோ மீட்டரில், காலம் பிக்கோ நொடியில். அங்கேயும் அலகின் பெயர் கிடையாது. சிமுலேஷன் பெட்டியின் கோணங்களை ஒரு மென்பொருள் பாகையாக எழுதும், இன்னொன்று அதன் கோசைன் மதிப்பை எழுதும். ஆம்பர் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் மின்னூட்டங்கள் எல்லாம் 18.2223 என்ற எண்ணால் பெருக்கப்பட்டு இருக்கும். ஆற்றலை கிலோ கலோரியில் சுலபமாகக் கணக்கிட அன்று செய்த வசதி அது. கையேட்டைப் படித்தவருக்குத் தெரியும். கோப்பை மட்டும் கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

எல்லாவற்றிலும் எங்களை அதிகம் வருத்த வேண்டியது சுருள்வில் மாறிலி. இரண்டு அணுக்களுக்கிடையேயான பிணைப்பை ஒரு சுருள்வில்லாக எழுதும்போது குரோமாக்ஸ் பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல் முன்னால் ஓர் அரையைச் சேர்க்கும். சார்மும் ஆம்பரும் அந்த அரையை மாறிலிக்குள்ளேயே அடக்கிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற, கலோரியை ஜூலாக்க 4.184ஆல், ஆங்ஸ்ட்ராமை நானோ மீட்டராக்க 100ஆல், அந்த அரைக்காக 2ஆல் பெருக்க வேண்டும்: மொத்தம் 836.8. கடைசி 2ஐ விட்டுவிட்டால் பிணைப்பு பாதி இறுக்கத்தோடு இருக்கும். கணக்கு ஓடும். நிற்காது, பிழை என்று சொல்லாது. எல்லா அணுக்களும் அசையும், வரைபடம் வரும், கட்டுரையும் வரும். இப்படிச் சத்தமில்லாமல் தவறாகப் போகக்கூடிய ஒன்றை ஒரு பொது ஒப்பந்தத்தில் கட்டிவைக்காமல், ஒவ்வொரு மாணவரும் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று தலைமுறை தலைமுறையாக விட்டிருக்கிறோம்.

அலகு தெரியாவிட்டாலும் ஊகிக்கலாம். கார்பன்-கார்பன் பிணைப்பின் நீளம் 1.5 என்று வந்தால் ஆங்ஸ்ட்ராம், 0.15 என்று வந்தால் நானோ மீட்டர். எழுதாமல் விட்ட வேறு சிலவற்றை எந்த ஊகத்தாலும் மீட்க முடியாது.

ஒரு லட்சம் அணுக்கள் உள்ள அமைப்பில் ஒரு கணத்தின் படத்துக்கு 12 லட்சம் பைட் வேண்டும். ஒரு மைக்ரோ நொடி ஓட்டத்தில் 10 பிக்கோ நொடிக்கு ஒரு படம் என்று எடுத்தால் ஒரு லட்சம் படங்கள், 120 ஜிகாபைட். வட்டில் இடமில்லை. என்ன செய்தோம்? நீரை நீக்கினோம். அமைப்பில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் கோப்பு உடனே சிறுத்துவிடும். பிறகு ஒருவர் வந்து, அந்தப் புரதத்தின் உட்குழியில் நீர் மூலக்கூறு எவ்வளவு நேரம் தங்கியது என்று கேட்டால் சொல்ல எதுவும் இல்லை. எக்ஸ்டிசி வடிவம் இருப்பிடங்களை 0.001 நானோ மீட்டருக்கு முழுமையாக்கிச் சுருக்கும். புரதத்தின் உருவம் எப்படி மாறியது என்று பார்க்க அது தாராளமாகப் போதும். இறுக்கமான பிணைப்புகளின் ஆற்றலை அந்தக் கோப்பிலிருந்து திரும்பக் கணக்கிட்டால் எண்கள் பிசகும். அணுக்களின் வேகங்கள் அதில் அறவே இல்லை. இந்த இழப்புகள் எதுவும் குற்றமல்ல. இடத்துக்கும் துல்லியத்துக்கும் நடுவே ஏதோ ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று கோப்போடு ஒரு வரிகூட எழுதி வைக்காததுதான் எங்கள் தவறு.

பெட்டியின் எல்லை விஷயமும் இதே கதைதான். சிமுலேஷன் பெட்டியின் வலப்பக்கம் வெளியேறும் மூலக்கூறு இடப்பக்கம் உள்ளே வரும். அதனால் புரதம் சில நேரம் இரண்டாக வெட்டுப்பட்டதுபோல் தெரியும். பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று அதைச் சேர்த்து, நடுவில் வைத்து, சுழற்றி நேராக்கிப் புதிய கோப்பாகச் சேமிப்போம், மூலத்தை அழித்துவிடுவோம். ஒரு மூலக்கூறு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிட விரும்புபவருக்கு, பெட்டி எல்லையில் நடந்த தாவல்கள் எந்த முறையில் நீக்கப்பட்டன என்பது தெரிந்தாக வேண்டும். அழுத்தத்தை மாறாமல் வைத்து ஓட்டும்போது பெட்டியின் அளவு கணத்துக்குக் கணம் மாறுவதால், தாவல்களைத் தவறான முறையில் நீக்கினால் பரவல் வேகமே தவறாக வரும். கோப்பில் இருப்பதெல்லாம் கடைசி எண்கள். அவை கடந்து வந்த வழி எழுதப்படவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று யோசிக்கும்போது சோம்பல் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்களில் சிலர் மிகுந்த உழைப்போடு மாற்றிகளை எழுதினார்கள். எம்டிஅனாலிசிஸ், எம்டிட்ராஜ் போன்ற திறந்த மூல நூலகங்கள் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வடிவங்களைப் படித்து, அலகுகளையும் தாமே சரிசெய்து கொடுக்கின்றன. அவர்கள் இல்லாவிட்டால் இந்தத் துறையில் பாதி ஆய்வு நின்றிருக்கும். ஆனால் அந்த நல்ல மனிதர்களின் தோளில் எங்கள் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டோம். எல்லா வடிவத்தையும் படிக்க வழி இருக்கும்போது பொது வடிவம் எதற்கு என்று நினைத்தோம். மாற்றி, எழுதியதைத்தான் மாற்றித் தரும். எந்த விசைப்புலத்தின் எந்தப் பதிப்பு, உப்பின் செறிவு எவ்வளவு, தொலைதூர மின்விசையை எப்படிக் கையாண்டோம், தொடக்கச் சமவாய்ப்பு விதை எண் என்ன, நடுவில் நின்று எங்கிருந்து மீண்டும் தொடங்கினோம் என்பவற்றை நாங்கள் எழுதவே இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. 2014இல் பியேர் தெ பைல், பீட்டர் கோல்பெர்க், ஃபெலிக்ஸ் ஹோஃப்லிங் மூவரும் ஹெச்5எம்டி என்ற வடிவத்தை முன்வைத்தார்கள். அது ஹெச்டிஎஃப்5 என்ற பொதுவான அறிவியல் கோப்பு முறையின் மேல் கட்டப்பட்டது. எண் வரிசையோடு அலகையும், எழுதியவர் பெயரையும், உருவாக்கிய மென்பொருளின் பதிப்பையும் அதே கோப்புக்குள் வைக்கலாம். பைட் வரிசை எந்தக் கணினியுடையது என்ற கவலை இல்லை. கட்டுரையைப் படித்தோம், நல்ல யோசனை என்றோம். எங்கள் மென்பொருள் இயல்பாக அதை எழுதாததால் பயன்படுத்தவில்லை. நாங்கள் கேட்காததால் மென்பொருள் எழுதுபவர்கள் பலரும் அதைச் சேர்க்க அவசரப்படவில்லை. ஒரு தரத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதில் எழுதித் தரும்படி கேட்பதும், கொஞ்ச காலம் சிரமப்படுவதும் சேர்ந்ததுதான். அந்தச் சிரமத்துக்கு யாரும் முன்வரவில்லை.

எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் முன்வந்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலியின் இரண்டு சுழற்சிக் கோணங்களுக்கான வரைபடத்தை உலகெங்கும் உயிரியற்பியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படிக்கிறார்கள். எங்கள் சிமுலேஷன் புரதம் கோணல்மாணலாகிவிட்டதா என்று சரிபார்க்க இன்றும் அதன்மேல்தான் புள்ளிகளை வைத்துப் பார்க்கிறோம். அந்த வரைபடத்தின் இரண்டு கோணங்களை எங்கிருந்து அளப்பது என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1966இல் எட்சால், ஃப்ளோரி, கெண்ட்ரூ, லிகுவோரி, நேமெத்தி, ராமச்சந்திரன், ஷெராகா ஆகிய ஏழு பேர் சேர்ந்து, பொது மரபு ஒன்றை முன்மொழியும் கட்டுரையை எழுதினார்கள். முழுதும் நீட்டிய சங்கிலிக்கு இரண்டு கோணமும் 0 என்றது அது. சில ஆண்டுகளிலேயே சர்வதேச வேதியியல், உயிர்வேதியியல் சங்கங்களின் பெயரிடல் ஆணையம், மற்ற வேதியியல் வழக்கங்களோடு ஒத்துப்போக, அதே நிலைக்கு 180 என்று மாற்றியது. ஆல்ஃபா சுருளின் கோணங்கள் இன்று -57, -47 என்று நாம் எழுதுவது அன்றைய மரபில் 123, 133.

மரபு மாறியது. ஆனாலும் அறுபதுகளின் கட்டுரைகளை இன்று எடுத்தால் படிக்க முடிகிறது. எந்த மரபில் எழுதுகிறோம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 180ஐக் கழித்தால் போதும். அந்த ஏழு பேரில் கெண்ட்ரூ நோபல் பரிசு பெற்றிருந்தார், ஃப்ளோரி பின்னர் பெற்றார். கோணத்தை எங்கிருந்து அளப்பது என்ற கேள்வி தங்கள் தகுதிக்குக் குறைந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. தங்கள் பெயரைப் போட்டு எழுதினார்கள். கோப்பு வடிவம் பற்றிய கட்டுரையை மாணவரின் தகுதிப் பட்டியலில் அரை மதிப்பெண்ணுக்குக்கூடச் சேர்க்காத எங்கள் தேர்வுக் குழுக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமகாலத்திலும் எடுத்துக்காட்டு உண்டு. பருவநிலை மாதிரி செய்பவர்களும் எங்களைப் போலவே கணினிக்குள் பரிசோதனை செய்பவர்கள். நெட்சிடிஎஃப் கோப்புகளில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நிலையான பெயர், கட்டாய அலகு என்ற சிஎஃப் மரபை 2003இல் வெளியிட்டார்கள். உலக மாதிரிகளை ஒப்பிடும் கூட்டுத் திட்டத்தில் சேர வேண்டுமென்றால் அந்த மரபில்தான் தர வேண்டும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் மாதிரி அந்தத் திட்டத்தின் ஆறாம் கட்டத்தில் பங்கேற்றபோது அதுவும் அப்படித்தான் தந்தது. புணேயின் எண்களையும் ஹாம்பர்க்கின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாரிடமும் போய் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

2013இல் வேதியியல் நோபல் பரிசு மார்ட்டின் கார்ப்ளஸ், மைக்கேல் லெவிட், ஆரியே வார்ஷெல் மூவருக்கும் வழங்கப்பட்டபோது எங்கள் துறைக்கே கிடைத்ததாக மகிழ்ந்தோம். 1977இல் கார்ப்ளஸ் குழு 58 அமினோ அமிலங்கள் உள்ள ஒரு சிறு புரதத்தை 10 பிக்கோ நொடிக்கும் குறைவாக ஓட்டிப் பார்த்ததிலிருந்து தொடங்கிய வழி அது. 2024இல் அதே பரிசின் ஒரு பாதி, புரதத்தின் உருவத்தைக் கணித்த ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் போனது. அந்தச் செயற்கை நுண்ணறிவு எதைப் படித்துக் கற்றது? பிடிபி வங்கியை. ஐம்பதாண்டுகளாக ஒரே ஒழுங்கில், அகராதியோடு, சரிபார்ப்போடு சேர்த்து வைக்கப்பட்ட கட்டமைப்புகளை. கட்டமைப்பை வெளியிடுபவர் தரவை வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்று படிகவியலாளர்களின் சர்வதேசச் சங்கம் 1989இலேயே வழிகாட்டியிருந்தது. புரதம் எப்படி அசைகிறது என்பதைக் கற்க இன்று இதேபோல் ஒரு கருவூலம் தேவைப்படுகிறது. அசைவை அரை நூற்றாண்டாகக் கணக்கிட்டவர்கள் நாங்கள். கொடுக்க எங்களிடம் அப்படியொரு கருவூலம் இல்லை.

2020இல் கொரோனா வந்தபோது உலகெங்கும் வீடுகளில் இருந்த கணினிகளை இணைத்து ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம் எக்ஸாஃப்ளாப் வேகத்தைத் தாண்டியது. சிமுலேஷன் தரவுகளை உடனுக்குடன் எல்லோருக்கும் திறந்து வைப்போம் என்று ரோமி அமாரோவும் ஏட்ரியன் முல்ஹாலண்டும் முன்னெடுத்த கடிதத்தில் துறையினர் பலர் கையெழுத்திட்டார்கள். நல்ல காரியம். ஆனால் படிகவியலாளர்களுக்கு அப்போது கடிதம் எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்கு அது ஏற்கெனவே வழக்கமாக இருந்தது. 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியங்களில் சிதறிக் கிடந்த ஏறத்தாழ 2,50,000 மூலக்கூறு சிமுலேஷன் கோப்புகளைத் தேடிப் பட்டியலிட்டது. அட்டவணை இல்லாததால் அவர்கள் கோப்புப் பெயரின் கடைசி எழுத்துகளை வைத்துத் தேடினார்கள். பகிர்ந்தோம் என்ற பெயருக்காக ஜிப் செய்து ஏற்றிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு வாக்கியம் எழுதாமல் போயிருக்கிறோம்.

ஐரோப்பாவில் இப்போது இந்தத் துறைக்கென ஒரு பொதுத் தரவு வங்கி அமைக்கும் வேலை நடக்கிறது. அதற்கு எங்கள் பழைய ஓட்டங்களைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் கோப்புகளை மூன்றாகப் பிரித்தாக வேண்டும். குரோமாக்ஸில் ஓட்டியவற்றில் டிபிஆர் கோப்பு பிழைத்திருந்தால் நல்லது. விசைப்புல மாறிலிகள், ஓட்ட அமைப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கும், பழைய டிபிஆரைப் புதிய பதிப்பு படித்துவிடும். லாக் கோப்பு மட்டும் இருந்தால் பதிப்பு எண்ணையும் அமைப்புகளையும் அதிலிருந்து எடுக்கலாம். விசைப்புலத்தை ஆய்வேட்டிலிருந்து தேடிச் சேர்க்க வேண்டியிருக்கும். நீர் நீக்கி, நேராக்கி, இருப்பிடங்கள் மட்டும் மிஞ்சிய கோப்புகளுக்கு வழி ஒன்றுதான்: அந்தக் கணக்கைத் திரும்ப ஓட்ட வேண்டும். இந்த முறை எந்த வடிவம், எந்த அலகு, எதை நீக்குகிறோம் என்பதை வேலையைக் கணினிக்கு அனுப்புவதற்கு முன்பே எழுதி, அந்தத் தாளையும் தரவோடு வங்கியில் வைக்கலாம்.